ஆசிரியரின் நாட்குறிப்பு

முப்பது ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெறுகிறார். மாலை சூட்டி, பொன்னாடை போர்த்தி, வாழ்த்துமடல் வாசித்து வழியனுப்புகிறோம். அன்று அவரோடு பள்ளியை விட்டு வெளியேறுவது என்ன என்று எண்ணிப் பார்க்கிறோமா? பின்னக் கணக்கு விளங்காமல் விழித்த சிறுவனுக்கு அதை எவ்வாறு விளக்கினார், வாய் திறவாத மாணவியை எவ்வாறு பேச வைத்தார் என்னும் அனுபவச் செல்வம் அனைத்தும் அவருடன் சென்றுவிடுகிறது. அவர் இடத்திற்கு வரும் இளம் ஆசிரியர் எல்லாவற்றையும் முதலிலிருந்தே தேடிக் கற்க வேண்டியவராகிறார்.

இவ்விழப்பைத் தடுக்கும் எளிய வழி, வகுப்பறையில் நிகழ்ந்ததை அன்றன்றே எழுதி வைப்பதாகும்.

குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பாதேகா (1885-1939) தொடக்கத்தில் ஒரு வழக்கறிஞர். 1913-இல் மகன் பிறந்தபின் அவருடைய சிந்தனை குழந்தைக் கல்வியின்பால் திரும்பியது. மாண்டிசோரி அம்மையாரின் நூல்களைக் கற்றார். வழக்கறிஞர் தொழிலைத் துறந்து, பாவ்நகரில் உள்ள தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920-இல் அங்கே குழந்தைகள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தம் அனுபவங்களின் சாரத்தைக் கதை வடிவில் அவர் எழுதிய நூல், தமிழில் 'பகல் கனவு' என்னும் பெயரில் வெளிவந்துள்ளது.

அக்கதையில் வரும் ஆசிரியர், நான்காம் வகுப்பில் ஓராண்டு புதுமுறையில் கற்பிக்க அனுமதி பெறுகிறார். முதல் நாள் பிள்ளைகளை அமைதியாக இருக்கப் பழக்க முயல்கிறார். வகுப்பில் கூச்சலே மிஞ்சுகிறது. வேறு வழியின்றி அன்று விடுமுறை விட்டுவிடுகிறார். மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு அடங்கிச் செவிசாய்க்கிறது. "கதையும் விளையாட்டும் போதுமா? பாடம் எப்போது?" என்று பிறர் ஐயுறுகின்றனர். அவரோ நிதானமாகத் தொடர்கிறார். நூலின் சிறப்பு, முதல் நாள் தோல்வியை மறைக்காமல் கூறியிருப்பதே. அதைப் படிக்கும் புதிய ஆசிரியருக்குத் துணிவு பிறக்கிறது.

ஆசிரியப் பெருமக்களே! பெரிய நூல் எழுத வேண்டுமென்பதில்லை. மாலையில் பத்து நிமிடம் போதும். இன்று எது பிள்ளைகளின் உள்ளத்தைத் தொட்டது? எது பயன்தரவில்லை? எந்தப் பிள்ளை இன்று ஒரு சொல்லும் பேசவில்லை? இம்மூன்றையும் குறித்து வையுங்கள். ஒரு திங்கள் கழித்துப் புரட்டிப் பாருங்கள். மூன்றாம் கேள்விக்கு ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருமானால், அப்பிள்ளை உங்கள் கவனத்திற்காகக் காத்திருக்கிறது என்று அறியலாம். ஆயினும், குறிப்பைப் பிறருக்குக் காட்டுமுன் பிள்ளைகளின் பெயர்களையும் அவர்தம் குடும்பத் துயரங்களையும் நீக்கிவிடுங்கள்; நம்பி உரைத்ததைக் காப்பது நம் கடமை.

பெற்றோரே! நீங்களும் இதற்குத் துணை நிற்கலாம். மதிப்பெண்ணை மட்டும் வினவாமல், "இன்று வகுப்பில் உனக்குப் பிடித்தது எது?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். அந்த விடையை ஆசிரியரைச் சந்திக்கும்போது தெரிவியுங்கள். குறை கூற மட்டுமே பள்ளிக்குச் செல்வோர் பலர். நிறை கூறவும் ஒருமுறை சென்று வாருங்கள். அன்று மாலை அவர் குறிப்பேட்டில் எழுத நல்லதொரு செய்தி கிடைக்கும்.