உங்களுக்குத் தெரியுமா? தங்கமலைக் காட்டோரம் ஒரு டியூடர் மாளிகை

கண்டியில் பதுளை ரயிலேறி ஹப்புத்தளையில் இறங்கினால், சுமார் மூன்று கிலோமீற்றர் தொலைவில், தங்கமலைக் காட்டோரம் நிற்கிறது அதிஷம் பங்களா.

1485 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட டியூடர் மன்னர்களின் காலத்துக் கட்டடப் பாணியைத் தழுவி, ஜோர்ஜ் ஸ்டுவர்ட் நிறுவனத் தலைவர் சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் இதைக் கட்டினார். கென்ட் பகுதியிலுள்ள லீட்ஸ் கோட்டையே முன்மாதிரி. கனத்த கருங்கற் சுவர்கள், ஒடுங்கி நீண்ட ஜன்னல்கள், கூரைக்கு மேலே உயரும் புகைபோக்கிகள் என எல்லாமே அந்தச் சாயல்தான். ஹப்புத்தளைக் குளிரில் கணப்பும் புகைபோக்கியும் வெறும் அலங்காரமல்ல!

1961இல் கத்தோலிக்கத் திருச்சபையின் கைக்கு வந்த இம்மாளிகை, இன்று சில்வெஸ்திரின் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம்.

துறவிகள் தயாரிக்கும் பழ ஜாம் மடத்திலேயே விற்பனைக்குக் கிடைக்கும்.