கட்டிய கண்களும் மூடிய கதவும்
பூரி ஜகந்நாதர்: தொன்மமும் வழிபாடும்

வங்கக் கடலோரம் ஒடிசாவின் பூரி நகரில் எழுந்து நிற்கும் ஜகந்நாதர் ஆலயம், 12ஆம் நூற்றாண்டில் கீழைக் கங்க மன்னன் அனந்தவர்மன் சோடகங்கனால் தொடங்கப்பெற்றது என்பதும், அவன் பெயரிலுள்ள ‘சோட’ என்னும் முன்னொட்டு அவனுடைய தாய் ராஜசுந்தரி சோழர் குலத்து இளவரசி என்பதை நினைவூட்டுகிறது என்பதும் வரலாறு தரும் செய்திகள். ஆயினும் கருவறையில் எழுந்தருளியிருக்கும் மூர்த்திகளின் வடிவத்தை இந்த வரலாற்றைக் கொண்டு விளக்கிவிட முடியாது. கல்லிலோ உலோகத்திலோ அன்றி வேப்பமரத்தில் செதுக்கப்பெற்று, முழுமையான கைகளும் கால்களும் இன்றி, இமையில்லாத பெரிய வட்டக் கண்களுடன் காட்சி தரும் ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை ஆகிய மூவரும் ஏன் இவ்வாறு இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை தருவது, ஸ்கந்த புராணத்தின் புருஷோத்தம மாகாத்மியத்திலும் ஒடியா வாய்மொழி மரபிலும் பலவாறாக வழங்கிவரும் இந்திரத்யும்னன் கதையே ஆகும்.

மாளவ நாட்டு மன்னன் இந்திரத்யும்னன், காட்டில் எங்கோ மறைவாக வழிபடப்பெறும் நீலமாதவனைத் தேடி வித்யாபதி என்னும் அந்தணனை அனுப்பினான். காட்டில் வாழும் பழங்குடியினரான சபரர்களின் தலைவன் விசுவாவசுவின் வீட்டில் தங்கிய வித்யாபதி, அவன் மகள் லலிதையை மணந்தான். மாமனார் நாள்தோறும் விடியுமுன் எங்கோ சென்று வருவதைக் கவனித்துத் தன்னையும் அழைத்துச் செல்லுமாறு வேண்டினான். மகளின் மன்றாடலுக்கு இணங்கிய விசுவாவசு, மருமகனின் கண்களைத் துணியால் கட்டியே நீலமாதவன் வீற்றிருந்த குகைக்கு அழைத்துச் சென்றான். வித்யாபதியோ வழிநெடுகக் கடுகைத் தூவிக்கொண்டே சென்றான். மழை பெய்து கடுகு முளைத்தபோது, மறைக்கப்பட்ட பாதை வெளிப்பட்டது. ஆனால் மன்னன் படையோடு வந்து சேர்வதற்குள் நீலமாதவன் மறைந்துவிட்டான்.

மனமுடைந்து உண்ணாநோன்பிருந்த மன்னனுக்கு, இறைவன் தாருவாக, அதாவது மரக்கட்டையாக, கடலில் மிதந்து வருவான் என்ற அருள்வாக்குக் கிடைத்தது. அவ்வாறே கரை ஒதுங்கிய தாருவை யானைகளாலும் படைவீரர்களாலும் அசைக்கக்கூட முடியவில்லை. விசுவாவசு வந்து கை கொடுத்த பிறகே அது நகர்ந்தது என்று மரபு கூறுகிறது. தச்சர்களின் உளிகள் அதன்மீது பட்டு முறிந்தபோது, ஒரு முதிய தச்சர் முன்வந்து, 21 நாள்கள் கதவைத் திறக்கலாகாது என்ற நிபந்தனையோடு அறைக்குள் சென்றார். இரு வாரங்கள் கழிந்த நிலையில் உள்ளிருந்து உளியோசை கேட்காமற்போகவே, முதியவர் இறந்துவிட்டாரோ என்று அஞ்சிய அரசி குண்டிசா கதவைத் திறக்கச் செய்தாள். தச்சரைக் காணவில்லை, முற்றுப்பெறாத திருமேனிகள் மட்டுமே அங்கிருந்தன. அந்த வடிவிலேயே தன்னை வழிபடுமாறு இறைவன் பணித்தான் என்பதோடு கதை முடிகிறது.

தலபுராணங்கள் பல ஊர்களில் ஏட்டிலும் சொற்பொழிவிலும் மட்டுமே வாழ்கின்றன. பூரியிலோ இக்கதையின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு குடும்பத்தின் பரம்பரைக் கடமையாக இன்றும் நிறைவேற்றப்படுகிறது. அவ்வகையில் அந்த ஆலயத்தின் வழிபாட்டு ஒழுங்கையே இத்தொன்மத்தின் மிகத் தெளிவான உரை எனலாம். விசுவாவசுவின் வழிவந்தோராகக் கருதப்படும் சேவகர்கள் ‘தைத்தர்கள்’ எனவும், வித்யாபதியின் வழிவந்தோர் ‘பதி மகாபாத்திரர்கள்’ எனவும் அழைக்கப்படுகின்றனர். ஆண்டின் பெரும்பகுதியில் கருவறைப் பூசை பிற சேவகர்களிடம் இருக்க, ஜேஷ்ட மாதப் பௌர்ணமியன்று வரும் நீராட்டு விழா முதல் தேரோட்டம் முடியும் வரை தைத்தர்களே இறைவனுக்கு உரியவர்களாகின்றனர்.

அந்த நீராட்டு விழாவில் மூர்த்திகள் மதிலருகே உயர்ந்த மேடையில் எழுந்தருளி, அனைவரும் காண 108 குட நீரால் திருமுழுக்காட்டப் பெறுகின்றனர். அதன் விளைவாக அவர்களுக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது என்பது நம்பிக்கை. தொடர்ந்துவரும் பதினைந்து நாள்கள் ‘அணசரம்’ எனப்படும். தரிசனத்திற்கு வாய்ப்பில்லாத காலம் என்ற பொருள்கொண்ட ‘அனவசரம்’ என்னும் வடசொல்லின் திரிபு இது. கதவுகள் மூடப்படுகின்றன, சமைத்த உணவுக்கு மாற்றாகப் பழங்களும், பத்து வேர்கள் சேர்ந்த தசமூல மருந்தும் படைக்கப்படுகின்றன. நறுமலர்களையும் வேர்களையும் சந்தனத்தையும் நல்லெண்ணெயில் இட்டு, ஓராண்டுக் காலம் மண்ணுக்குள் புதைத்து வைத்து எடுக்கப்பெறும் ‘புலுரி’ தைலம் திருமேனிகளில் பூசப்படுகிறது. நோயுற்ற வீட்டுப் பெரியவரை உறவினர் கவனிப்பது போன்ற இப்பணிவிடை முழுவதையும் செய்பவர்கள் தைத்தர்களே. வெளியே நிற்கும் அடியார்களுக்கோ துணியில் தீட்டிய படங்களே அந்நாள்களில் வழிபடு திருவுருவங்கள். பலர் ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரம்மகிரிக்குச் சென்று அலார்நாதரைத் தரிசிக்கின்றனர். அப்பெயர் ‘ஆழ்வார்நாதர்’ என்பதன் மரூஉ என்றும், தென்னாட்டு வைணவர்களால் ஏற்பட்ட வழிபாடு அது என்றும் மரபு கூறுவது தமிழர் கருதத்தக்கது.

இத்தொன்மம் மிக ஆழமாக வெளிப்படும் இடம் ‘நவகளேபரம்’ என்னும் சடங்கு. நவ என்பது புதுமை, களேபரம் என்பது உடல். மரத்தாலான திருமேனியைக் களைந்து இறைவன் புதிய மேனி ஏற்பதே இது. ஆஷாட மாதம் இரட்டித்து வரும் ஆண்டுகளில், பெரும்பாலும் 8, 12 அல்லது 19 ஆண்டு இடைவெளியில் இது நிகழும். 1969, 1977, 1996, 2015 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தது. தைத்தர்கள் காகட்பூர் மங்களா தேவியின் கோயிலுக்கு நடந்து சென்று, கனவில் அவள் அருளும் குறிப்பை ஏற்று வேப்பமரங்களைத் தேடுகின்றனர். சங்கு, சக்கரம் போன்ற இயற்கையான குறிகள், அருகில் நீர்நிலையும் சுடுகாடும், அடியில் பாம்புப் புற்று, கிளைகளில் பறவைக் கூடின்மை ஆகியவை நோக்கப்படுகின்றன. பொன் கோடரியாலும் வெள்ளிக் கோடரியாலும் தொட்ட பிறகே இரும்புக் கோடரி மரத்தில் விழுகிறது. கொண்டுவரப்பட்ட தாருக்கள் ஆலய வளாகத்தின் ‘கொய்லி வைகுண்டம்’ என்னும் பகுதியில், மூடிய கதவுக்குப் பின்னால் செதுக்கப்படுகின்றன. குண்டிசா திறந்த கதவை இம்முறை எவரும் திறப்பதில்லை.

பின்னர் ஒரு நள்ளிரவில், நகரின் விளக்குகள் அணைக்கப்பட்ட இருளில், மூத்த தைத்தர்கள் பழைய திருமேனியினுள் இருக்கும் ‘பிரம்ம பதார்த்தம்’ எனப்படும் மறைபொருளை எடுத்துப் புதிய திருமேனியில் வைக்கின்றனர். அவர்களின் கைகள் துணியால் சுற்றப்பட்டிருக்கும், கண்களும் கட்டப்பட்டிருக்கும். அன்று காட்டில் அந்தணனின் கண்ணைக் கட்டிய சபரனின் வழித்தோன்றல், இன்று தன் கண்ணையே கட்டிக்கொண்டு இறைவனைத் தொடுகிறான். தேடி வந்தவனுக்கு மட்டுமன்றி, நெடுங்காலம் உடனிருந்து காத்தவனுக்கும் முழுமையாகப் புலப்படாதவன் இறைவன் என்பதை இதனினும் தெளிவாக ஓர் ஏடு சொல்லிவிட முடியாது.

பழைய திருமேனிகள் கொய்லி வைகுண்டத்தில் புதைக்கப்பெற்றதும், தைத்தர்கள் தலை மழித்து, தீட்டுக் காத்து, குடும்பத்து மூத்தவரை இழந்தோர் செய்யும் கடன்களை முறைப்படி செய்கின்றனர். பேரரசர்கள் ஆலயம் எழுப்பினர், கஜபதி மன்னர்கள் தம்மை ஜகந்நாதரின் முதற்சேவகர் என்று அறிவித்துக்கொண்டனர்; எனினும் இறைவனுக்காகத் துக்கம் காக்கும் உரிமை காட்டு மக்களின் வழித்தோன்றல்களிடமே இருந்துவருகிறது. யானைகளால் இழுக்க முடியாத தாரு விசுவாவசுவின் கை பட்டதும் நகர்ந்தது என்ற கதைப்பகுதி, இவ்வுரிமையைக் காத்து நிற்கும் சான்றாவணம் ஆகும்.

அணசரம் முடிந்ததும் திருமேனிகளின் கண்கள் புதிதாகத் தீட்டப்படும் நேத்திரோற்சவம் நடைபெறுகிறது. கட்டிய கண்களோடு மனிதர் செய்த பணி அனைத்தும் அந்த இமையற்ற கண்களின் திறப்பில் நிறைவுறுகிறது. காத்திருந்த கூட்டத்தின்மீது முதலில் விழுவது அவனுடைய பார்வையே. அதன்பின், ஆலயத்தினுள் நுழைய அனுமதி இல்லாதவர்களும் காணுமாறு அவன் தேரேறிப் பெருவீதிக்கே இறங்கி வருகிறான். 16 சக்கரங்கள் பூண்ட நந்திகோஷம் என்னும் அந்தத் தேரின் கதையை அடுத்த இதழில் காணலாம்.

(தொடரும்)