ஈயத்துக்குக் கரி போதும், பேரியத்துக்குப் போதாது

பட்டாசு ஊரான தாயில்பட்டிக்குக் கரி பழகிய பொருள். வெடியுப்பு, கந்தகத்தோடு கரித்தூள் சேர்ந்தால்தான் கருமருந்து. சுற்றுவட்டாரத் தரிசுகளில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பதும் இங்கே பலருக்குப் பிழைப்பு. தண்ணீரில் கரைந்த உலோகத்தைப் பிடிக்கவும் இந்தக் கரி உதவும். எல்லா உலோகத்தையும் அல்ல.

மூட்டத்துக் கரியை அப்படியே குடத்தில் போட்டால் பெரிய பயனில்லை. 800, 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவி பாய்ச்ச வேண்டும். அல்லது விறகு, சிரட்டை, கடலைத்தோல் எதுவானாலும் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுட வேண்டும். அப்போதுதான் உள்ளே நுண்துளைகள் திறக்கும். அதுவே செயலூட்டிய கரி. நல்ல கரியின் ஒரு கிராமுக்குள் 1,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். நம் கணக்கில் ஏறத்தாழ 25 சென்ட் நிலம்! துளைச் சுவர்களில் உள்ள ஆக்சிஜன் கலந்த அமிலத் தொகுதிகள் ஈயம், செம்பு, காட்மியம் அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. தண்ணீரில் அமிலம் மிகுந்தால் ஹைட்ரஜன் அயனிகள் முந்திக்கொண்டு அந்த இடங்களை அடைத்துவிடும். பிஹெச் 5, 6 அளவில் ஈயம் நன்றாக ஒட்டும்.

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் நமசிவாயம், கதிர்வேலு போன்ற ஆய்வாளர்கள், வீணாகக் குவியும் தென்னை நார்த்தூளைக் கரியாக்கிப் பாதரசம், காட்மியம் முதலியவற்றைக் கழிவுநீரிலிருந்து பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நம் ஊர்க் குப்பையில் இவ்வளவு ஆற்றல் இருப்பது எனக்கு உண்மையிலேயே பெருமை.

ஆனால் பட்டாசு ஊரில் முதலில் கேட்க வேண்டிய பெயர் பேரியம். பச்சை நிறம் தருவது பேரியம் நைட்ரேட். உச்ச நீதிமன்றம் ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றைப் பட்டாசில் சேர்க்க 2017இல் தடை விதித்தது. 2018இல் பேரியம் உப்புகளுக்கும் தடை வந்தது. தடைக்கு முன் மண்ணில் இறங்கிய உலோகம் காலத்தால் மக்கிப்போவதில்லை. பேரியமோ கால்சியத்தின் இனம். கரிசல் காட்டுக் கடினத் தண்ணீரில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் கால்சியம் அதனோடு போட்டி போடும். கரி அதைத் தளர்வாகத்தான் பிடிக்கும். மருந்து கலக்கும் அறையைக் கழுவிய தண்ணீரில் சோடியம் சல்பேட் சேர்த்தால் பேரியம் வெள்ளைப் படிவாக அடியில் இறங்கும். குடிநீருக்கு அயனிமாற்றப் பிசினோ ஆர்.ஓ. கருவியோ வேண்டும்.

ஆகவே வடிகட்டி வாங்கும் முன் தண்ணீரைச் சோதனை செய்யுங்கள். வழக்கமான சோதனையில் கடினத்தன்மை, ஃபுளூரைடு, நைட்ரேட்தான் வரும். ஈயம், பேரியம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஈயம் 0.01 மில்லிகிராமையும் பேரியம் 0.7 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது.

உலோகம் ஏறிய கரியை நீர்த்த அமிலத்தில் கழுவி மறுபடி பயன்படுத்தலாம். அப்போது ஈயம் அந்த அமிலத்துக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். அதைக் கண்மாய்க் கரையில் கொட்டினால் அடுத்த மழையில் தண்ணீருக்கே திரும்பிவிடும். அமிலத்தையும் தீர்ந்துபோன கரியையும் அபாயகரக் கழிவாக, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த மையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தச் செலவையும் முதல் நாள் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.