கேம் ஓவியர் ஆகலாமா? வேளச்சேரியிலிருந்து ஒரு தேடல்

கம்ப்யூட்டரில் கேம் விளையாடாத வீடு இன்று அபூர்வம். கார் ஓட்டுகிறோம், சுடுகிறோம், ஓடுகிறோம். ஆனால் அந்த கார் ஓடும் சாலையோரத்தில் கிடக்கும் தகர டப்பாவை யார் செய்தார்கள் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? டப்பாவில் துரு பிடித்திருக்கும். ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அது தானாக வந்துவிடவில்லை. ஒருவர் உட்கார்ந்து அதற்காகவே வேலை செய்திருக்கிறார். அந்த வேலைக்கு அவருக்குச் சம்பளமும் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தச் சம்பளம் என்ற விஷயம்தான் என்னைப் பிடித்துக் கொண்டது.

நான் வேளச்சேரியில் தண்டீஸ்வரம் பக்கம் வசிக்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு அலுவலகத்தில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. வயது 26. அப்பா அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்லிக் கொடுத்துத்தான் ஓவியத்தில் அரசு தொழில்நுட்பத் தேர்வு, லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தேன். ஆனாலும் அவர், "கை பழகட்டும்மா, இதை நம்பி வயிறு வளர்க்க முடியாது" என்றுதான் சொல்வார். அவர் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. கணக்கு வாத்தியாருக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது டிராயிங் பீரியட்தானே!

நான் மாறியது வெண்பா என்ற கேமால். 2023 ஜூலை 31 அன்று வெளியானது. கனடாவின் டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறிய குழு தயாரித்தது. 1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயரும் வெண்பா, பாவலன் தம்பதியும் அவர்கள் மகன் கவினும்தான் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஒழுங்காக மேலே போகும் என்பதே ஒரு புதிர். சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. முழுவதும் ஆடி முடிக்க ஒரு மாலை நேரம் போதும். 2024 ஏப்ரலில் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் முதல் படைப்புக்கான விருது இதற்குக் கிடைத்தது.

நான் ஆடியதைவிட உற்றுப் பார்த்ததுதான் அதிகம். எவர்சில்வர் பாத்திரத்தின் பளபளப்பு, குளிர்நாட்டு ஜன்னல் வெளிச்சம் அடுப்படியில் விழும் விதம் எல்லாவற்றையும் ஒருவர் கவனித்து வரைந்திருக்கிறார். கேம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலில் கலை இயக்குநர் என்று சாம் எல்கானாவின் பெயர் வந்தது. என் வீட்டு அடுக்களை போன்ற ஒன்றை வரைவது ஒரு வேலை, அதற்கு ஒரு பதவிப் பெயரும் உண்டு என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

இதை நம் நாட்டில் யாராவது செய்கிறார்களா? தாராளமாக. பெங்களூருவில் ராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் 1997 முதல் கேம் துறையில் இருந்தது. வெளிநாட்டு நிறுவனங்களின் கேம்களுக்குக் கார்களும் கட்டடங்களும் செய்து கொடுப்பதுதான் அதன் முக்கியத் தொழில். ஃபோர்ஸா வரிசை கார் பந்தய கேம்களிலும் அதன் ஓவியர்களின் கைவேலை உண்டு. 2019-ல் அதை ராக்ஸ்டார் கேம்ஸ் வாங்கியது. ஜி.டி.ஏ. தயாரிக்கும் அதே ராக்ஸ்டார்தான். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-ல் வெளியிட்ட ராஜி, பஹாரி சிற்றோவிய பாணியில் அமைந்தது. 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டப் பார்த்து இலக்கை எட்ட முடியாமல் போன குழு அது. அப்படியும் விடாமல் முடித்தார்கள்.

சரி, வேலை என்றால் என்ன வேலை? இங்கேதான் பலருக்கும் குழப்பம். படம் வரையத் தெரிந்தால் போதும் என்று நினைப்பார்கள். கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் என்பவருக்கு அது சரி. ஆனால் ஆள் எடுப்பது பெரும்பாலும் முப்பரிமாண மாடல் செய்பவர்களைத்தான். இதைக் கற்க நான் எடுத்துக் கொண்ட பொருள் விஜயநகர் பஸ் நிலையம் பக்கத்து டீக்கடையின் பித்தளை பாய்லர். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பாய்லரை எல்லா நுணுக்கத்தோடும் செய்ய வேண்டும். குழாய், மூடி, அடிவாங்கிய பள்ளம் எல்லாம். இப்படிச் செய்ததில் என் மாடலில் சுமார் 4 லட்சம் முக்கோணங்கள். முப்பரிமாண உருவம் எல்லாமே கம்ப்யூட்டருக்கு முக்கோணங்களின் தொகுப்புதான். ஒரு நொடிக்கு 60 முறை திரையைப் புதிதாக வரையும் கேமில், ஒரு பாய்லருக்கே இவ்வளவு என்றால் கிராபிக்ஸ் கார்டு மூச்சு வாங்கும். எனவே அதே பாய்லரை 5,000 முக்கோணங்களில் மறுபடி எளிமையாகச் செய்து, பெரிய மாடலின் மேடு பள்ளங்களை ஒரு படமாக மாற்றி இதன் மேல் ஒட்டுகிறோம். இதற்கு நார்மல் மேப் என்று பெயர். வெளிச்சம் விழும்போது இல்லாத பள்ளம் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். சுத்த ஏமாற்று வேலை! ஆனால் அழகான ஏமாற்று.

ஒட்டுவதற்கு முன்னால் யு.வி. அன்ராப் என்ற ஒரு கட்டம். ரவிக்கை தைத்த பிறகு அதைத் தையல் பிரித்து மறுபடி துணியாக மேஜை மேல் விரித்தால் எப்படி இருக்கும்? அதுபோல உருவத்தை வெட்டித் தட்டையாக விரிக்க வேண்டும். வெட்டும் இடம் வெளியே தெரியாத பக்கமாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு வாரம் இதிலேயே போனது. பொறுமை இல்லாதவர்கள் இந்தத் தொழில் பக்கம் வர வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

அடுத்தது நிறம். நான் பாய்லருக்கு மஞ்சள் பூசிக் கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பித்தளைக்குப் பாதி நிறம் சுற்றி இருக்கிறதிலிருந்துதாம்மா வருது. சுவர் பச்சைன்னா பித்தளையிலயும் பச்சை தெரியணும்" என்றார். கேம் மென்பொருள்கள் இதையேதான் கணக்காகப் போடுகின்றன. ஒரு பொருள் உலோகமா இல்லையா என்பதற்கு ஒரு மதிப்பு, அதன் சொரசொரப்புக்கு ஒரு மதிப்பு. உலோகம் என்று சொல்லிவிட்டால் சுற்றுப்புறத்தை அது பிரதிபலிக்கத் தொடங்கிவிடும். கை படும் குழாய்ப் பிடி மட்டும் வழவழப்பாகவும், மற்ற இடம் மங்கலாகவும் இருக்க வேண்டும் என்று சொன்னதும் அப்பாதான். அன்றிலிருந்து இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவர் நாற்காலி என் மானிட்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

வாசகர்கள் கேட்கப் போவது தெரியும். இதற்கு எவ்வளவு செலவு? பிளெண்டர் முற்றிலும் இலவசம். 2002-ல் பயனாளர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்து அதன் மூல நிரலை விடுவித்தார்கள். வரைவதற்கு கிருதா, கேம் இன்ஜினுக்கு கோடோ, இரண்டும் இலவசமே. கம்ப்யூட்டரில் 16 ஜி.பி. ராம் இருப்பது நல்லது. கிராபிக்ஸ் கார்டு ஓபன் ஜி.எல். 4.3 ஆதரவு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம். பேனா டேப்லெட் மாடல் செய்யக் கட்டாயம் இல்லை. டெக்ஸ்சர் வரைய உதவும்.

முறையாகப் படிக்க விரும்புவோருக்கு நம் தரமணியிலேயே எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் படிப்பு உண்டு. என்.ஐ.டி.யின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் முதுகலைப் படிப்பு இருக்கிறது. நுழைவுத் தேர்வு கடினம். நான் ஒரு தனியார் நிறுவனத்திலும் விசாரித்தேன். கட்டணம் லட்சங்களில். "நூறு சதவீத வேலை" என்றார்கள். எழுத்தில் தருவீர்களா என்று கேட்டேன். புன்னகைத்தார்கள்.

வேலை உறுதி என்று யாரும் சொல்ல முடியாத காலம் இது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது இந்தியாவில் இருந்த அதன் ஊழியர்களும் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் பல வருட அனுபவம் உள்ளவர்கள். இப்போது அதே வேலைகளுக்கு அவர்களும் விண்ணப்பிக்கிறார்கள், நானும். போதாததற்கு, எழுதிக் கொடுத்தால் படம் வரைந்து தரும் ஏ.ஐ. மென்பொருள்கள் வேறு. கான்செப்ட் ஓவியர்களுக்கு அது நேரடி அடி. முக்கோணங்களைச் சீராக அடுக்கி இன்ஜினுக்குள் சரியாக உட்கார வைக்கும் வேலையில் இன்னும் ஆள் தேவைப்படுகிறது. எத்தனை வருடத்துக்கு? தெரியாமல்தான் இறங்குகிறேன்.

எங்கள் வீட்டுக் கடன் தவணையில் பாதி என் சம்பளத்தில் போகிறது. நான் விசாரித்தவரையில் புதிதாகச் சேரும் கேம் ஓவியருக்குக் கிடைப்பது இப்போது நான் வாங்குவதைவிடக் குறைவு. அம்மா இதைக் கேட்டுவிட்டு, "இருக்கிற வேலையை விட்டுட்டு டீ பாய்லர் வரையப் போறியா?" என்றார். நியாயமான கேள்வி. ஆகவே ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். கையில் வேலைக்கான கடிதம் வரும்வரை ராஜினாமா இல்லை. இரவு 9 முதல் 12 வரை பயிற்சி. ஒன்றரை வருடம். அதற்குள் வராவிட்டால் மறுபடி பேசுவோம்.

பத்து மாதம் ஆகிவிட்டது. பாய்லர், குத்துவிளக்கு, மாநகரப் பேருந்தின் உள்பக்கம் என்று ஆறு பொருட்கள் என் தொகுப்பில் இருக்கின்றன. எண்ணிக்கையைவிட, ஒவ்வொன்றிலும் முக்கோணங்கள் தெரியும் கம்பி வடிவப் படத்தையும் சேர்த்துக் காட்டுவது முக்கியம். ஸ்டூடியோக்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

போன மாதம் பெங்களூரு ஸ்டூடியோ ஒன்று ஆர்ட் டெஸ்ட் அனுப்பியது. இரும்புப் பட்டி போட்ட ஒரு மரப்பெட்டி, 3,000 முக்கோணங்களுக்குள், ஏழு நாள் அவகாசம். அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். ஏழாம் நாள் இரவு 11 மணிக்கு பைலை அனுப்பினேன். பதில் சொல்ல நாளாகும் என்று எழுதியிருக்கிறார்கள். அதுவரை சும்மா இருப்பானேன் என்று அப்பா, செக்போஸ்ட் பக்கத்துத் தையல் கடையின் கால் மிதி மெஷினை நான்கு பக்கமும் ஸ்கெட்ச் போட்டுக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். அதன் சக்கரத்துக்கு மட்டும் எத்தனை முக்கோணம் ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொண்டிருக்கிறேன்.