துணிதானேன்னு அசந்துடாதீங்க: கத்தி செய்பவர்களுக்கு பஃபிங் வீல் ஏன் ஆபத்து?

போத்தனூர், குறிச்சி சிட்கோ பக்கம் வளர்ந்தவர்களுக்கு லேத், மோட்டார், பாலிஷ் பட்டறை எதுவும் புதுசு இல்லை. பம்ப் முதல் வெட் கிரைண்டர் வரை செய்யும் ஊர் கோவை. அந்தப் பழக்கத்தில், யூடியூப் பார்த்து வீட்டு ஷெட்டிலேயே கத்தி செய்து பார்க்கும் ஆசையும் சிலருக்கு வரும். இரும்பைக் காய்ச்சும்போதும் கிரைண்டரில் தேய்க்கும்போதும் உஷாராக இருப்பார்கள். கண்முன்னால் நெருப்பு தெரிகிறதே. பளபளப்பு ஏற்றும் பஃபிங் வீல் வெறும் துணி. அசந்துபோவது அங்கேதான்.

துணி என்ன செய்துவிடும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8 அங்குல வீலை நிமிடத்துக்கு 2,880 முறை சுற்றும் மோட்டாரில் மாட்டினால், அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 110 கி.மீ. வேகத்தில் ஓடும். உரசும் கல் என்றால் இரும்பைத் தேய்த்துவிட்டுப் போகும். துணி அப்படியில்லை, மடிந்து கத்தியின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். கவ்விய நொடியில் கத்தி கையில் இருக்காது. தொடையிலோ பாதத்திலோ பாயலாம், பின்சுவரில் பட்டுத் திரும்பியும் வரலாம். கையை இழுத்துக்கொள்ள நேரமே கிடைக்காது.

எப்படிப் பிடிப்பது?

எதிரே நிற்பவர் பக்கம் வீல் மேலிருந்து கீழாகச் சுற்ற வேண்டும். கத்தியை வீலின் நடுமட்டத்துக்குக் கீழேதான் வைக்க வேண்டும், கூர் விளிம்பு கீழ்நோக்கி இருக்கணும். அப்போது துணி கத்தியின் முதுகிலிருந்து கூர் பக்கமாக வழிந்து போய்விடும். விளிம்பு மேல்நோக்கி இருந்தால், ஓடிவரும் துணி நேராக அதில்தான் மோதும். வீலின் மேல்பாதியில் வைத்துச் சிக்கினால் கத்தி ஆளை நோக்கியே வரும். முனையையும் கைப்பிடியின் மூலைகளையும் துணிக்கு எதிராகக் காட்டக் கூடாது.

இதையெல்லாம்விட எளிய வழி ஒன்று இருக்கிறது: பாலிஷை முதலில் முடித்துவிட்டு, சாணை பிடிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது. மழுங்கிய கத்தியும் பறக்கும், காயப்படுத்தும். ஆனால் தீட்டிய கத்தி அளவுக்கு வெட்டாது. முடிந்தால் 1,440 சுற்று மோட்டார் போதும். வேகம் பாதியாகிவிடும், பளபளப்பு வரக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

துணிக் கையுறை வேண்டவே வேண்டாம். வீல் அதைப் பிடித்தால் விரலும் சேர்ந்து போகும். தொங்கும் துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, முழுக்கைச் சட்டையின் தளர்ந்த மணிக்கட்டு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். முகக்கவசம், தோல் ஏப்ரன், மூடிய ஷூ கட்டாயம். பஞ்சுத் தூசி மூச்சில் போகாமலிருக்க என்95 மாஸ்க். அந்தத் தூசி குவிந்த இடத்தில் கிரைண்டர் பொறி விழுந்தால் தீப்பிடிக்கும், அதனால் இரண்டையும் தள்ளித் தள்ளி வைப்பது நல்லது. வீலுக்கு நேர் எதிரிலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது, குறிப்பாக "என்னப்பா பண்றே?" என்று எட்டிப் பார்க்க வரும் பிள்ளைகள்.

கத்தி பாய்ந்துவிட்டால்?

உடலில் குத்தி நிற்கும் கத்தியைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் ரத்தம் கொட்டும். அது அசையாதபடி சுற்றிலும் துணி வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். வெட்டி விட்டு விழுந்திருந்தால், சுத்தமான துணியைக் காயத்தின் மேலேயே வைத்து விடாமல் அழுத்த வேண்டும். தனியாக வேலை செய்பவர் போனைச் சார்ஜரில் போட்டு வீட்டுக்குள் விட்டுவிட்டு வரக் கூடாது, சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.