கிளம்பாத பழைய டிராக்டர்: டீசல் வழியைச் சோதிக்கும் முறை

பெருங்களத்தூர், முடிச்சூர் பகுதியில் ஏரிப் பாசன நிலங்கள் பெரும்பாலும் வீட்டு மனைகளாகி விட்டன. மணிமங்கலம், படப்பை பக்கம் இன்னும் நெல் சாகுபடி நடக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, நவரைப் பட்டத்திற்குச் சேறு கலக்கும் வேளையில், மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் நின்ற பழைய டிராக்டர் கிளம்ப மறுத்தால் நாற்றங்காலில் நாற்று முற்றிவிடும். அவசரத்தில் பம்பைக் கழற்றிப் பட்டறைக்குத் தூக்கிச் செல்வோர் உண்டு. ஆனால் பல சமயங்களில் கோளாறு பம்பில் இருப்பதில்லை. டீசல் பம்புக்கு வந்து சேரும் வழியில்தான் இருக்கிறது. அதை விவசாயிகள் தாங்களே சரி செய்து கொள்ளலாம்.

புகை காட்டும் அடையாளம்

ஸ்டார்ட்டரை இயக்கும்போது எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுழல வேண்டும். மெதுவாகச் சுழன்றால் முதலில் பாட்டரியையும் அதன் இணைப்புகளையும் கவனிக்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் புகைக்குழாயில் புகையே வராவிட்டால், டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை என்று பொருள். வெண்புகை வந்தும் கிளம்பாவிட்டால், டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. டீசலில் தண்ணீர் கலந்திருப்பதும், எஞ்சினில் அழுத்தம் குறைந்திருப்பதும் இதற்குக் காரணமாகலாம்.

எளிய காரணங்கள் முதலில்

எஞ்சினை நிறுத்தும் இழுகம்பி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா, டாங்க் குழாய் திறந்திருக்கிறதா, டாங்கில் டீசல் இருக்கிறதா என்று பார்க்கவும். டாங்க் மூடியிலுள்ள சிறு துளை மண்ணால் அடைபட்டிருந்தால், எஞ்சின் சிறிது நேரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியதும் சரியாக ஓடினால், துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

தண்ணீரும் கசடும்

பாதி காலியாக நிற்கும் டாங்கினுள் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நீராகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். பில்டரின் அடித் திருகைத் திறந்து, வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தால், தண்ணீர் அடியில் தனியே தெரியும். தண்ணீர் இருந்தால் டாங்கின் அடிக்கசடையும் வடித்துவிட்டுப் புது பில்டர் போட வேண்டும். பழைய பில்டரைக் கழுவிப் போடுவது சரியல்ல.

காற்றை வெளியேற்றுதல்

டாங்க் வற்றிய பிறகும், பில்டர் மாற்றிய பிறகும் குழாய்களில் காற்று புகுந்துவிடும். 1960-ல் சென்னையில் நிறுவப்பட்ட டாபே நிறுவனத்தின் பழைய மாஸி பெர்குசன் வண்டிகள் பலவற்றில் ரோட்டரி பம்ப் உள்ளது. அவற்றில் காற்றை எடுக்கும் முறை இது:

1. பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, பீட் பம்பின் கை லீவரை அடிக்க வேண்டும். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் திருகை இறுக்கவும். லீவர் வேலை செய்யாவிட்டால் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடிக்கவும்.

2. அடுத்து ரோட்டரி பம்பின் பக்கத்திலுள்ள திருகு, பிறகு மேலுள்ள திருகு. இவற்றிலும் அதே முறையைப் பின்பற்றவும்.

3. நாசில்களுக்குச் செல்லும் குழாய்களின் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து ஸ்டார்ட்டரை இயக்கவும். டீசல் வந்ததும் நட்டுகளை இறுக்கி எஞ்சினைக் கிளப்பலாம்.

எடுத்த பிறகும் மறுநாள் காற்று புகுந்தால், டாங்குக்கும் பீட் பம்புக்கும் இடையே எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. அங்கு டீசல் வெளியே கசியாமலே காற்று உள்ளே உறிஞ்சப்படலாம். தேய்ந்த வாஷர்களை மாற்ற வேண்டும்.

எச்சரிக்கை

எஞ்சின் ஆயில் அளவு தானாக உயர்ந்து, ஆயில் நீர்த்திருந்தால், பீட் பம்பின் டயாபிரம் கிழிந்து டீசல் ஆயிலில் கலந்திருக்கலாம். அந்நிலையில் எஞ்சினை ஓட்டக்கூடாது. நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். அதன் முன் கையை நீட்டக்கூடாது. புகுந்துவிட்டால், காயம் சிறிதானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காற்று வழியில் பெட்ரோல் ஊற்றிக் கிளப்புவது தீ விபத்துக்கு இடம் தரும்.

இத்தனையும் செய்து பம்புக்கு டீசல் தாராளமாக வந்தும் நாசில் குழாயில் வராவிட்டால்தான் பம்பைக் கழற்ற வேண்டும். ரோட்டரி பம்பின் உள்பாகங்களுக்கு டீசலே மசகு. தண்ணீரும் தூசியும் அவற்றைத் தேய்த்துவிடும். ஆகவே அதை வயலில் வைத்துப் பிரிக்காமல், சோதனை மேடையுள்ள பட்டறையில் கொடுப்பதே நல்லது.

மாலையில் வேலை முடிந்ததும் டாங்கை நிரப்பி வைத்தால் ஈரம் சேர இடமிருக்காது. டீசலைச் சுத்தமான பாத்திரத்தில், சல்லடையுள்ள புனல் வழியே ஊற்ற வேண்டும். இவ்விரண்டையும் கடைப்பிடிக்கும் விவசாயிக்கு நடவு நேரத்தில் டிராக்டர் கைகொடுக்கும்.