வகுப்பறைக்குள் ஒரு வழக்கு

ஆசிரியர் ஒருவர் மீது 'பாரபட்சமாகப் பாடம் நடத்துகிறார்' என்னும் பழி விழுமாயின், அதனை எவ்வாறு விசாரிப்பது? பழி சுமத்துவோர் சொல்லை அப்படியே ஏற்பதா? ஆசிரியர் நம் மனத்துக்கு உகந்தவர் என்பதற்காகப் பழியைத் தள்ளிவிடுவதா? நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எழுந்த ஒரு விவகாரம் இங்கு எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஜோசப் மஸ்ஸத், 1963இல் ஜோர்தானில் பிறந்தவர். பாலஸ்தீனக் கிறிஸ்தவ மரபினர். கொலம்பியாவிலேயே அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் அங்கேயே அரபுலக அரசியலைக் கற்பிக்கலானார். இஸ்ரேலைக் கடுமையாக விமர்சிக்கும் தம் கருத்தை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. பாலஸ்தீன, இஸ்ரேலிய அரசியல் பற்றி அவர் நடத்திய பாடமே சர்ச்சைக்கு வித்திட்டது.

2004ஆம் ஆண்டில், டேவிட் ப்ராஜெக்ட் என்னும் இஸ்ரேல் ஆதரவு அமைப்பு ஒரு குறும்படத்தை வெளியிட்டது. மஸ்ஸத் உள்ளிட்ட பேராசிரியர்கள் சிலர் தங்களை மிரட்டியதாக மாணவர்கள் அதில் குறை கூறினர். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான அந்தோணி வீனர், மஸ்ஸத்தைப் பணிநீக்கம் செய்யுமாறு வற்புறுத்தினார். அன்று மஸ்ஸத்துக்கு நிரந்தரப் பணியுரிமை கிடைத்திருக்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

பல்கலைக்கழகம் ஐவர் குழுவொன்றை அமைத்தது. 2005 மார்ச்சில் வெளிவந்த அதன் அறிக்கை, யூத வெறுப்பு எனக் கொள்ளத்தக்க பேச்சுக்குச் சான்றில்லை என்றது. பாடத்தில் பதிவு செய்யாத வெளியாட்கள் வகுப்புகளில் நுழைந்து இடையூறு விளைவித்ததையும், மாணவர் முறையீடுகளைக் கேட்பதற்குச் செம்மையான ஏற்பாடு இல்லாததையும் அது சுட்டிக்காட்டியது.

எனினும் அறிக்கை அத்துடன் நிற்கவில்லை. 2002இல் கேள்வி எழுப்பிய மாணவி ஒருவரிடம் மஸ்ஸத் சினந்து வரம்பு மீறினார் என்னும் முறையீடு நம்பத் தக்கதே என்றும் அது கூறியது. மஸ்ஸத் அதனை மறுத்தார். 2009இல் அவருக்கு நிரந்தரப் பணியுரிமை கிட்டியது. ஆயினும் சர்ச்சை ஓய்ந்தபாடில்லை. 2023 அக்டோபரில் அவர் எழுதிய ஒரு கட்டுரையை ஒட்டி, 2024 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணையிலும் அவர் பெயர் அடிபட்டது.

அன்பர்களே, பாலஸ்தீன மக்களின் துயரை எண்ணிக் கலங்கும் நம் உள்ளம் மஸ்ஸத்தின் பக்கம் சாய்வது இயல்பே. ஆனால் அதற்காக அம்மாணவியின் முறையீட்டைப் புறக்கணிப்பது நீதியாகுமா? ஒருமுறை சினந்தார் என்பதற்காக அவரை இன வெறுப்பாளர் என முத்திரை குத்துவதுதான் நீதியாகுமா? சினம் வேறு, வெறுப்பு வேறு. கடுமையான கருத்து வேறு. மாணவரை வாய் திறக்கவிடாமல் அடக்குவது வேறு. இவற்றைப் பிரித்துப் பார்ப்பதே விசாரணை.

நம் பிள்ளைகளும் கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். "ஆசிரியர் ஓரவஞ்சனை செய்கிறார்" என்று அவர்கள் வந்து சொல்லும்போது பதறாமலும் அலட்சியப்படுத்தாமலும் கேளுங்கள்: என்ன சொன்னார்? எப்போது சொன்னார்? உடன் இருந்து கேட்டவர் யார்? நமக்குப் பிடிக்காத ஆசிரியர் மீது பழி விழும் நாளிலும் இதே கேள்விகளைக் கேட்கத் தவறாதீர்கள்.